கையில் கண்ட்ரோலர் இருந்தபோது துடித்த நெஞ்சு, திரையரங்கில் ஏன் துடிக்கவில்லை?

கேள்வி: நள்ளிரவு ஆட்டக்காரர்

வணக்கம். பல மாதங்களாக என்னை விடாமல் தொடரும் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். ஏறத்தாழ நாற்பது மணி நேரம் செலவிட்டு நான் விளையாடி முடித்த ஒரு வீடியோ கேம் அண்மையில் திரைப்படமாக வெளிவந்தது. ஒரு படத்தைப் பழிப்பது என் நோக்கமன்று என்பதால் அதன் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அந்த விளையாட்டில் இடிந்த பாலம் ஒன்றின்மேல் நடக்கும் துரத்தல் உண்டு. அந்த ஒரு கட்டத்தைத் தாண்ட எனக்கு இரண்டு இரவுகள் ஆயின. ஒவ்வொரு முறையும் மூன்றாவது தூணருகில் விழுந்து செத்தேன். கடைசியில் தாண்டியபோது உள்ளங்கை வியர்த்துக் கண்ட்ரோலரே வழுக்கியது. திரைப்படத்திலும் அதே பாலம், அதே தூண், அதே நிறத்தில் உடை, விளையாட்டில் ஒலித்த அதே இசை. செலவிலும் அவர்கள் குறை வைக்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. ஆனால் எனக்குள் ஒரு சலனமும் இல்லை. நாயகன் தூணைத் தாண்டினான்; நான் அடுத்த காட்சிக்காகக் காத்திருந்தேன்.

"உங்கள் கையில் கட்டுப்பாடு இல்லை, அதனால்தான்" என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த விடை எனக்குப் போதவில்லை. அதற்குக் காரணம் என் தம்பி. அவன் கண்ட்ரோலரைத் தொடுவதே இல்லை. நான் விளையாடும்போது அருகில் உட்கார்ந்து பார்ப்பதில்தான் அவனுக்கு விருப்பம். திரையின் மூலையில் இருக்கும் தோட்டாக் கணக்கை என்னைவிட அவன்தான் கவனமாகப் பார்ப்பான். "அண்ணா, மூணுதான் இருக்கு" என்று காதருகில் எச்சரிப்பான். நான் பாலத்தைத் தாண்டிய இரவில் என்னைவிட உரக்கக் கத்தியவனும் அவனே. விளையாடிய கை அவனுடையது இல்லை, ஆனால் பதைப்பு அவனுக்கும் இருந்தது. அதே தம்பி, திரையரங்கில் அந்தப் பாலக்காட்சியின் நடுவில் கைபேசியை எடுத்து மணி பார்த்தான்.

அப்படியானால் இடையில் தொலைந்துபோனது எது? அது விளையாட்டைப் படமாக்குவதில் மட்டும் வரும் சிக்கலா, அல்லது எல்லா அதிரடிப் படங்களுக்கும் பொதுவான குறையா? இத்துறைகளை அருகிலிருந்து அறிந்தவர்கள் எழுதினால் மகிழ்வேன்.

பதில்: வெட்டும் ஒட்டும்

நண்பருக்கு வணக்கம். நான் படத்தொகுப்பு அறையில் பல ஆண்டுகளாக உதவியாளராக இருந்து வருகிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் விடை சொல்ல முயல்கிறேன்; ஏனெனில் பாதிச் சிக்கல் வீடியோ கேமுக்கு முன்பே, சண்டைக்காட்சி என்ற இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

உங்கள் தம்பி தோட்டாக்களை எண்ணினார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு சண்டைக்காட்சியைத் தாங்கி நிற்பது அந்த எண்ணிக்கைதான். எதிரிகள் எங்கே நிற்கிறார்கள், கதவு எந்தப் பக்கம், கையில் மிச்சம் என்ன, உடம்பில் எங்கே காயம் என்பவை பார்ப்பவருக்குத் தெரிந்திருந்தால் அடுத்த நொடியைப் பற்றி அவரே கணக்குப் போடத் தொடங்குவார். கணக்குப் போடுபவருக்குத்தான் பயம் வரும். தெரியாதவருக்கு வருவது குழப்பம். குழப்பம் நீண்டால் அலுப்பு. கைபேசியை எடுப்பது அதன்பின் நடக்கும் செயல்.

'டேக்கன் 3' படத்தில் நாயகன் ஒரு கம்பிவேலியைத் தாண்டிக் குதிக்கும் இடம் படத்தொகுப்பாளர்களிடையே வெகுவாகப் பேசப்பட்டது. சுமார் ஆறு விநாடிக்குள் பத்துக்கும் மேற்பட்ட கட்டுகள், அதாவது ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்கு மாறும் வெட்டுகள். கை, வேலி, கால், முகம், மறுபடியும் வேலி என்று படம் சிதறுகிறது. அவர் ஏறினாரா, தாவினாரா, எவ்வளவு உயரம் என்ற எதுவும் நமக்குத் தெரிவதில்லை. வேகம் வேண்டும் என்பதற்காக மட்டும் இப்படி வெட்டுவதில்லை என்பதை இத்துறையில் இருப்பவனாகச் சொல்கிறேன். நடிகரால் அதைச் செய்ய முடியாதபோதும், ஒத்திகைக்கு நாள் ஒதுக்காதபோதும், ஸ்டண்ட் கலைஞரின் முகத்தை மறைக்க வேண்டியிருக்கும்போதும், படப்பிடிப்பில் கிடைக்காததைப் படத்தொகுப்பு மேசையில் உண்டாக்கித் தரும்படி கேட்பார்கள். கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது மனம் வலிக்கும்.

ஆனால் கட்டுகளின் எண்ணிக்கைமீது பழி போடுவது தவறு. 2015இல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு' படத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2,700 கட்டுகள் உண்டு. இருந்தும் எந்த வண்டி எந்த வண்டியைத் துரத்துகிறது என்பதில் ஒரு விநாடியும் ஐயம் எழுவதில்லை. இயக்குநர் ஜார்ஜ் மில்லரும் ஒளிப்பதிவாளர் ஜான் சீலும் முக்கியமான அசைவைத் திரையின் நடுவிலேயே வைத்தார்கள். ஆகவே ஷாட் மாறும்போது கண் எங்கும் தேடி அலைய வேண்டியதில்லை. ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே அடுத்த செய்தியும் வந்து விழுகிறது. அதைத் தொகுத்த மார்கரெட் சிக்ஸெல் அதற்கு முன் அதிரடிப் படம் எதையும் தொகுத்ததில்லை. அவருக்கு அந்த ஆண்டின் ஆஸ்கர் கிடைத்தது.

மேசையில் நான் கற்ற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குத்தை இரண்டு கோணங்களில் எடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். முதல் ஷாட்டில் கை எங்கே நிற்கிறதோ, சரியாக அங்கிருந்தே இரண்டாவது ஷாட்டைத் தொடங்கினால் குத்து மெலிந்துவிடும். காரணம், ஷாட் மாறும் அந்தக் கணத்தில் கண் ஓரிரு ஃபிரேம்களை, அதாவது படச்சுருளின் தனித்தனிப் படங்களை, தவறவிடுகிறது. இரண்டாவது ஷாட்டை இரண்டு அல்லது மூன்று ஃபிரேம் முன்னாலிருந்து தொடங்கினால், கை பயணித்த தூரத்தின் ஒரு சிறு பகுதி இரண்டு முறை வரும். அதை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் குத்து கனத்துவிடும். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் இது அதிகம் போனால் எட்டில் ஒரு பங்கு விநாடி. ஹாங்காங் படங்களின் சண்டைகள் இன்றும் வலிப்பதுபோல் தோன்ற இதுவும் ஒரு காரணம். 1985இல் வந்த 'போலீஸ் ஸ்டோரி'யில் ஜாக்கி சான் விளக்குகள் சுற்றிய கம்பத்தில் சறுக்கி இறங்குவதை வெவ்வேறு கோணங்களில் திரும்பத் திரும்பக் காட்டியது, அந்த மனிதர் உண்மையாகவே இறங்கினார் என்று நம் கண்ணுக்கு ஒப்புவிப்பதற்காகத்தான்.

அடுத்து உடம்பு. 1988ஆம் ஆண்டின் 'டை ஹார்ட்' நாயகன் காலணி இல்லாமல் இருக்கிறான் என்பதை நாம் தொடக்கத்திலேயே அறிவோம். வில்லனும் அதை அறிந்து கண்ணாடிகளைச் சுடச் சொல்கிறான். அதன்பின் நாயகன் குளியலறையில் உட்கார்ந்து பாதத்திலிருந்து கண்ணாடித் துண்டுகளைப் பிடுங்குகிறான். துப்பாக்கிச் சண்டை முடிந்தும் அதன் விலை முடியவில்லை. வீடியோ கேமில் மிச்சமுள்ள உயிரைக் காட்டித் திரையின் மூலையில் இருக்கும் உயிர்க்கோடு செய்கிற வேலையை அங்கே அந்தப் பாதங்கள் செய்கின்றன. நாயகன் எத்தனை அடி வாங்கினாலும் அடுத்த காட்சியில் புதிதாக எழுந்து நிற்கும் படங்களில் இந்தக் கணக்கு அழிந்துவிடுகிறது. அப்புறம் ஆயிரம் பேரை அடித்தாலும் ஒருவரை அடித்தாலும் ஒன்றுதான்.

கேமராவை ஆட்டிப் படமெடுக்கும் பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'போர்ன்' படங்களில் அந்த ஆட்டத்துக்குக் காரணம் இருந்தது. யோசிக்கும் முன்பே உடல் செயல்படும் ஒருவனின் கதை அது. பின்னால் வந்தவர்கள் ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் போக்கைத் திருப்பியவர்கள் ஸ்டண்ட் கலைஞர்களே. 2014இல் 'ஜான் விக்'கை இயக்கிய சாட் ஸ்டாஹெல்ஸ்கி, 'தி மேட்ரிக்ஸ்' படத்தில் கியானு ரீவ்ஸுக்கு டூப்பாக இருந்தவர். நடிகருக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்ததால் கேமராவைத் தள்ளி வைத்து நீண்ட ஷாட்டுகளாக எடுக்க முடிந்தது. ஸ்டண்ட் வடிவமைப்புக்கு ஆஸ்கர் விருது உண்டு என்று 2025இல் அறிவித்தார்கள். 2027இல் வெளியாகும் படங்களிலிருந்துதான் அது நடைமுறைக்கு வரும். இத்தனை தாமதமாக வந்தாலும் அந்த அறிவிப்பைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது என்பதை மறைக்கத் தேவையில்லை.

உங்கள் பாலத்துக்கு வருகிறேன். நாயகன் ஓடத் தொடங்கும் முன் அந்த மூன்றாவது தூணைப் படம் நமக்குத் தனியாகக் காட்டியதா? அங்கே யாராவது, எதாவது, ஒரு கல்லாவது விழுந்ததா?

பதில்: மூன்றாவது உயிர்

மேலே நண்பர் கடைசியாகக் கேட்ட இரண்டு கேள்விகளிலிருந்தே தொடங்குகிறேன். நான் ஒரு சிறிய குழுவில் வீடியோ கேமின் லெவல்களை, அதாவது விளையாடுபவர் ஒவ்வொன்றாகக் கடக்கும் கட்டங்களை, வடிவமைப்பவராகப் பணியாற்றுகிறேன். ஆபத்தான தாவல் ஒன்றை அமைக்கும்போது நாங்கள் அதை நேரடியாக வைப்பதில்லை. அதே அகலமுள்ள இடைவெளியை முதலில் விழுந்தாலும் சாகாத ஒரு பள்ளத்தின்மேல் வைப்போம். விளையாடுபவர் அங்கே இரண்டு முறை விழுவார், ஏறி வருவார், எந்த இடத்தில் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது கைக்குப் பிடிபடும். சற்றுத் தள்ளி அதே இடைவெளியை ஆழமான பள்ளத்தின்மேல் வைப்போம். அதற்கும் அப்பால், அதே தாவலின்போது எதிரியும் சுடுவான். இப்படிக் கற்பித்துக் கற்பித்துத்தான் மூன்றாவது தூணுக்கு உங்களை அழைத்து வந்திருப்பார்கள். உங்கள் தம்பி அந்தப் பாடம் முழுவதையும் பக்கத்திலிருந்து கேட்டவர். அதனால்தான் அவருக்கும் பதைத்தது.

இப்போது திரைப்படம் என்ன செய்தது என்று பாருங்கள். அந்தத் தூணில் நீங்கள் ஐம்பது முறை செத்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படம் அந்த ஐம்பதையும் கழித்துவிட்டு ஐம்பத்தோராவது முயற்சியை மட்டும் எடுத்துக் காட்டியது. பாலம், தூண், உடை, இசை எல்லாம் வந்துவிட்டன, தோல்விகள் வரவில்லை. உங்கள் நெஞ்சைத் துடிக்க வைத்தவையோ அந்தத் தோல்விகள்தான். அடுத்த முறையும் விழக்கூடும் என்பது உங்களுக்கும் தம்பிக்கும் உறுதியாகத் தெரிந்திருந்தது. திரையரங்கில், விழமாட்டான் என்பது அதே அளவு உறுதியாகத் தெரிந்திருந்தது.

விளையாடும் உணர்வை மிக நெருக்கமாகத் தொட்ட படங்களில் ஒன்று எந்த வீடியோ கேமிலிருந்தும் எடுக்கப்பட்டதன்று என்பதை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். 2014இல் வந்த 'எட்ஜ் ஆஃப் டுமாரோ' ஒரு ஜப்பானிய நாவலைத் தழுவியது. போர் தெரியாத ஒருவன் செத்துச் செத்து அதே நாளில் விழிக்கிறான். ஒவ்வொரு சாவிலும் ஓர் அடி கற்கிறான். கடற்கரையில் எந்தப் பக்கம் குண்டு விழும், எத்தனை அடி வைத்துத் திரும்ப வேண்டும் என்பதை அவனோடு சேர்ந்து நாமும் மனப்பாடம் செய்கிறோம். முடிவை நெருங்கும்போது படம் அந்த மறுபிறவியை அவனிடமிருந்து பறித்துவிடுகிறது. சேவ் செய்ய முடியாத கடைசிக் கட்டம் எப்படி இருக்கும் என்பது விளையாடியவர்களுக்குத் தெரியும். விளையாடாதவர்களுக்கும் அன்று தெரிந்தது.

இதற்கு நேர் எதிரானது 2005இன் 'டூம்'. இறுதிப் பகுதியில் சுமார் ஐந்து நிமிடம் நாயகனின் கண்வழியே, துப்பாக்கி முனை மட்டும் தெரியும்படி படமாக்கினார்கள். வீடியோ கேமின் தோற்றம் அப்படியே இருந்தது. ஆனால் திரும்ப நினைக்கும்போது நம்மால் திரும்ப முடியாது. சுட நினைக்கும்போது சுட முடியாது. பிறர் ஓட்டும் வண்டியில் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிவைத்துப் பார்ப்பதுபோல் இருந்தது. அந்தத் துணிவை நான் மதிக்கிறேன், ஏனெனில் அப்படி ஒரு சோதனையை யாராவது செய்து பார்க்கத்தான் வேண்டும். எனினும் கேமரா கோணத்தை எடுத்துக்கொள்வதால் விளையாட்டு வந்துவிடாது என்பதற்கு அதுவே சான்றாயிற்று. மாறாக 2023இன் நான்காம் 'ஜான் விக்' படத்தில், கூரையே இல்லாததுபோல் மேலிருந்து பார்க்கும் ஒரு நீண்ட ஷாட் உண்டு. 'தி ஹாங்காங் மாசக்கர்' என்ற வீடியோ கேமைப் பார்த்து அந்த எண்ணம் பிறந்ததாக இயக்குநரே சொல்லியிருக்கிறார். அங்கே கோணம் நமக்கு எதையோ தருகிறது: அடுத்த அறையில் யார் காத்திருக்கிறார் என்பது நாயகனுக்குத் தெரிவதற்கு முன் நமக்குத் தெரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்த ஒப்பீடு 'மோர்ட்டல் காம்பட்'. அந்த வீடியோ கேம் பேர்பெற்றதே அதன் இரத்தத்தால்தான். 1995இல் வந்த திரைப்படமோ சிறுவர்களும் பார்க்கும்படி இரத்தத்தைப் பெரும்பாலும் நீக்கிவிட்டது. அப்படியிருந்தும், சுமார் 2 கோடி டாலரில் எடுக்கப்பட்ட அது 12 கோடி டாலர் அளவுக்கு வசூலித்தது. ஏன்? போட்டியை அது விடவில்லை. ஒரு தீவு, ஒரு போட்டி, ஒருவருக்கு ஒருவர் சண்டை, தோற்றால் உலகமே போய்விடும். இந்த விதிகளைப் படம் நமக்குச் சொல்லிவிட்டுத்தான் சண்டையைத் தொடங்கியது. முன்னோட்டக் காட்சியில் பார்த்தவர்கள் சண்டை போதவில்லை என்று சொன்னதும் கூடுதலாகச் சண்டைகளைப் படமாக்கிச் சேர்த்தார்கள். நாயகனாக நடித்த ராபின் ஷூவே அவற்றை வடிவமைத்தார். 2021இல் மறுபடியும் எடுத்தபோது இரத்தம் தாராளமாகக் கிடைத்தது. ஆனால் போட்டியே நடக்கவில்லை. விளையாட்டில் இல்லாத ஒரு புதிய நாயகன், மார்பில் ஒரு மச்சம், அங்கங்கே சண்டை. யார் யாரோடு எதற்காக மோதுகிறார் என்ற அட்டவணை இல்லாதபோது ஒவ்வொரு மோதலும் முந்தையதை மறக்கச் செய்துவிட்டு நகர்ந்தது. இரத்தம் விளையாட்டின் தோல்தான் என்பதும், உள்ளே இருந்த எலும்பு அந்தப் போட்டி என்பதும் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் விளங்கும்.

'அசாசின்ஸ் கிரீட்' நிலை இன்னும் வருத்தத்துக்குரியது. 2016இல் அந்தப் படத்துக்காக டேமியன் வால்டர்ஸ் என்ற ஸ்டண்ட் கலைஞர் 125 அடி உயரத்திலிருந்து உண்மையாகவே குதித்தார். கயிறு இல்லாமல் ஒரு மனிதர் வானத்திலிருந்து விழுவதைவிடப் பெரிய காட்சி வேறென்ன வேண்டும்? ஆனால் விளையாடுபவருக்கு அந்தக் குதிப்பு ஒரு பரிசு. உயரமான கோபுரத்தில் கல் கல்லாகப் பிடித்து ஏறி, நகரம் முழுவதையும் கண்ணால் அளந்து முடித்த பிறகு கிடைக்கும் பரிசு. படத்தின் பெரும்பகுதியோ நிகழ்கால ஆய்வுக்கூடத்தில் நடந்தது. ஏறாமல் விழுந்தால் அது வெறும் விழுதல்தான். உயிரைப் பணயம் வைத்த அந்தக் கலைஞருக்கு அந்தக் கதை துரோகம் செய்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

பதில்: பின்வரிசை இருக்கை

மூவரும் எழுதியவற்றை இருமுறை படித்தேன். பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் 'வெற்றி', 'தோல்வி' என்ற சொற்களை நீங்கள் பயன்படுத்தும் விதத்தில் எனக்கு மாறுபாடு உண்டு. வசூலை வைத்துப் பார்த்தால் உங்கள் கோட்பாடு பல இடங்களில் நிற்காது.

ஃபியூரி ரோட்டின் முன்கதையான 'ஃபியூரியோசா' 2024இல் வந்தது. அதே இயக்குநர், அதே தெளிவு, பாலைவனத்தில் ஒரு லாரியின்மேல் நடக்கும் நீண்ட மோதலை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன். உலகம் முழுவதிலும் சுமார் 17 கோடி டாலர்தான் வந்தது. எடுத்த செலவே அதற்கு ஏறத்தாழ சமம். 'எட்ஜ் ஆஃப் டுமாரோ'வும் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. மறுபுறம் 2023இன் மாரியோ படம் 130 கோடி டாலரையும், 2025இன் மைன்கிராஃப்ட் படம் 90 கோடி டாலரையும் தாண்டின. மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குக் கதையே கிடையாது, கட்டுவதும் தோண்டுவதும்தான். அந்தப் படங்களில் யாரும் யாருக்கும் தாவக் கற்றுக்கொடுக்கவில்லை. தெரிந்த முகத்தைப் பெரிய திரையில், அருகில் தோழர்களோடு உட்கார்ந்து, உரக்கப் பெயர் சொல்லி அழைக்கும் மகிழ்ச்சி அங்கே இருந்தது. அந்த மகிழ்ச்சியைத் தாழ்வாக நினைக்கக் கூடாது. அது உங்கள் பாலத்துப் பதைப்பிலிருந்து வேறான ஒன்று, அவ்வளவுதான்.

சரி, மாரியோ 1993இலும் படமானாரே, அப்போது ஏன் அந்த மகிழ்ச்சி கிடைக்கவில்லை? அன்று எடுத்தவர்கள் விளையாட்டின் வண்ணங்களைப் பார்த்து வெட்கப்பட்டார்கள் என்று நினைக்கிறேன். காளான்களும் பச்சைக் குழாய்களும் வளர்ந்தவர்களுக்குப் பொருந்தாது என்று எண்ணி, இருண்ட நகரம் ஒன்றையும் டைனோசர்களிலிருந்து தோன்றிய மனிதர்களையும் கொண்டுவந்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, விளையாட்டை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவே தயாரிப்பாளர்களில் ஒருவராக உட்கார்ந்தபோது எவருக்கும் அந்த வெட்கம் இல்லை. 2019இல் 'சோனிக்' டிரெய்லர் வெளிவந்து, மனிதப் பற்களோடு இருந்த அந்த முகத்தைக் கண்டு ரசிகர்கள் கொதித்தபோது, படத்தை மூன்று மாதம் தள்ளிவைத்து உருவத்தை மாற்றியமைத்தார்கள். அந்தத் தொடர் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. பற்களைத் திருத்தியது சிறிய செயலாகத் தெரியலாம். ஆனால் தாங்கள் யாருடைய பொருளைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதை ஒப்புக்கொண்ட செயல் அது.

அதற்காக, உருவாக்கியவர் உடனிருந்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 'ஃபைனல் ஃபேன்டசி'யைப் படைத்த ஹிரோனோபு சகாகுசியே 2001இல் அதன் முதல் பெரிய திரைப்படத்தை இயக்கினார். 13.7 கோடி டாலர் செலவு, 8.5 கோடி டாலர் வரவு. தலைமுடியின் ஒவ்வோர் இழையும் அசைந்தது. ஆனால் அந்த விளையாட்டுகளை நேசித்தவர்கள் தேடிய மாயமும் பயணத் தோழமையும் அதில் குறைவாகவே கிடைத்தன. 2016இன் 'வார்கிராஃப்ட்' வேறொரு பாடம்: ஏறத்தாழ 44 கோடி டாலர் வசூலில் பாதியளவு சீனாவிலிருந்து மட்டும் வந்தது, அமெரிக்காவில் 5 கோடியைக்கூட எட்டவில்லை. ஒரே படம் ஒரு நாட்டில் திருவிழாவாகவும் இன்னொரு நாட்டில் வெற்று இருக்கைகளாகவும் இருக்க முடியும் என்றால், காரணம் முழுவதையும் படத்தின் உள்ளே தேடிக்கொண்டிருப்பது சரியாகாது.

தயாரிப்பு நிலையிலேயே கெட்டுப்போகும் படங்களும் உண்டு. ஜெர்மனியில் ஒரு காலத்தில் திரைப்பட முதலீட்டை வருமான வரியில் முழுமையாகக் கழித்துக்கொள்ள வழியிருந்தது. ஊவே போல் என்ற இயக்குநரின் வீடியோ கேம் படங்கள் 2000களில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது அந்த வழியில்தான். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதலீட்டாளருக்கு ஆதாயம் இருந்தது. பார்ப்பவருக்காக எடுக்கப்படாத படத்தில் பார்ப்பவர் எதைத் தேடுவது? அண்மைய காலத்தில் 'பார்டர்லாண்ட்ஸ்'. 2021இல் எடுத்து முடித்தார்கள், 2023இல் வேறோர் இயக்குநரை வைத்துச் சில காட்சிகளை மறுபடியும் எடுத்தார்கள், 2024இல் வெளியிட்டார்கள். பெரியவர்களுக்கான முரட்டு நகைச்சுவையால் அறியப்பட்ட விளையாட்டு, அனைவருக்கும் பொருந்தும்படி மழுக்கப்பட்டிருந்தது. 10 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு 3.3 கோடி டாலர் அளவே கிடைத்தது. பலபேர் கைபட்டு, எவருக்கும் சொந்தமில்லாமல் போன வீடுபோல் இருந்தது அந்தப் படம்.

கேள்வியாளர்: நள்ளிரவு ஆட்டக்காரர்

அனைவருக்கும் நன்றி. மூன்றாவது தூணைப் பற்றி 'வெட்டும் ஒட்டும்' கேட்டதற்கு விடை: படம் அதை முன்கூட்டியே காட்டவில்லை. ஒரு கல்கூட விழவில்லை.

இன்னும் ஒரு கேள்வி. மூலத்துக்கு உண்மையாக இருப்பது என்றால் என்ன? 'ஹேலோ' தொடர் 2022இல் வந்தபோது, முதல் பகுதியிலேயே நாயகன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டான் என்று ரசிகர்கள் பெரிதும் வருந்தினார்கள்; நானும் வருந்தினேன். ஆனால் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' தொடரில் விளையாட்டில் இருந்த எத்தனையோ செய்திகளை மாற்றினார்கள், நான் ஒருபோதும் வருந்தவில்லை. இது என் ஒருதலைப்பட்சமா?

பதில்: மூன்றாவது உயிர்

ஒருதலைப்பட்சம் இல்லை. இரண்டுமே முகமூடியைப் பற்றியவை என்பதால் அருகருகே வைத்துப் பார்க்கத் தகுந்தவை.

2013இன் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' விளையாட்டில் பூஞ்சைத் தொற்று காற்றில் மிதக்கும் வித்துகளாலும் பரவும்; ஆகவே பாத்திரங்கள் அவ்வப்போது மூச்சுக்கவசம் அணிவார்கள். 2023இல் தொடராக்கியபோது, விளையாட்டை உருவாக்கிய நீல் டிரக்மனும் உடன் எழுதிய கிரெய்க் மேசினும் முதல் பருவத்தில் அந்த வித்துகளை எடுத்துவிட்டு, நிலத்தடியில் படரும் இழைகளை வைத்தார்கள். முகம் மறைந்தால் நடிகரின் உணர்ச்சி மறைந்துவிடும் என்பது முதன்மையான காரணம். ஜோயலுக்கும் எல்லிக்கும் விளையாட்டிலேயே முகம் இருந்தது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் விதத்தில்தான் அந்தக் கதை நடந்தது. ஆகவே கவசத்தை எடுத்தது மூலத்துக்கு இன்னும் நெருக்கமாகச் சென்றதாகவே ஆயிற்று.

'ஹேலோ'வில் கவசத்தின் வேலை வேறு. அதன் உள்ளே யார் இருக்கிறார் என்பது காட்டப்படாததால், அந்த இடம் விளையாடுபவருக்கு உரியதாக இருந்தது. இருபது ஆண்டுகளாக அந்தக் கவசத்துக்குள் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். அதைத் திறந்து அங்கே வேறொருவரைக் காட்டினால், உங்களை எழுப்பிவிட்டு அவரை உட்கார வைத்ததுபோல் ஆகிறது. நடிகர் மேல் குற்றமில்லை. ஒரு மணி நேரம் ஓடும் நாடகத்துக்கு முகம் தேவை என்பதும் உண்மை. அப்படியானால் கவசத்துக்கு வெளியே நிற்கும் வேறு யாரையாவது கதையின் மையமாக்கியிருக்கலாம். 'ஃபால்அவுட்' தொடர் அதைத்தான் செய்தது. எந்த ஒரு பாகத்தின் கதையையும் எடுக்காமல், அதே உலகில் மூன்று புதிய மனிதர்களை நடக்கவிட்டது. நிலவறையிலிருந்து முதல்முறை வெளியே வந்து எல்லோரிடமும் நல்லபடி நடக்கப் பார்க்கும் லூசி, புதிதாக விளையாடத் தொடங்குபவர். எல்லாவற்றையும் பார்த்துக் கசந்து, கிடைத்ததையெல்லாம் சுருட்டிக்கொள்ளும் 'கூல்' (கதிர்வீச்சால் உருமாறிய மனிதன்), பலமுறை விளையாடி முடித்தவர். நாம் அந்த உலகில் எப்படியெல்லாம் நடந்துகொண்டோமோ அதையே அவர்கள் நடந்து காட்டினார்கள்.

'பின்வரிசை இருக்கை' வசூலைப் பற்றிச் சொன்னதை மறுக்கமாட்டேன். இருந்தாலும் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' மூன்றாம் பகுதியில் பில், ஃபிராங்க் என்ற இருவரின் வாழ்க்கை வருகிறது. விளையாட்டில் அந்த ஊர் பொறிகளும் தொற்றுடையவர்களும் நிறைந்த ஒரு கடினமான லெவல். ஃபிராங்கை நாம் பிணமாகத்தான் காண்போம். தொடரில் சண்டை சில நிமிடமே. மிச்சமெல்லாம் பல ஆண்டுகள் நீளும் காதல். லெவல் வடிவமைப்பவனாகிய நானே சொல்கிறேன், அந்த லெவலை நீக்கியது சரிதான். விளையாடும்போது அந்தப் பொறிகளைப் பார்த்து, எதையோ காப்பாற்ற ஒருவன் இவ்வளவு பாடுபட்டிருக்கிறானே என்று நான் நினைத்ததுண்டு. அது எது என்பதைத் தொடர் காட்டியது.

கேள்வியாளர்: நள்ளிரவு ஆட்டக்காரர்

நேற்று இரவு ஒரு சோதனை செய்தேன். தம்பியிடம் எதுவும் சொல்லாமல் முதல் 'ஜான் விக்' படத்தைப் போட்டேன். தொடக்கத்தில் கைபேசி அவன் கையிலேயே இருந்தது. நாய்க்குட்டி வரும் இடத்தில் ஒருமுறை நிமிர்ந்தான். இரவு விடுதிச் சண்டையில் நாயகன் ஒருவனைத் தரையோடு அழுத்திப் பிடித்தபடி, துப்பாக்கியின் காலியான மாகசீனை (தோட்டாக் கூட்டை) எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்துகிறான். கேமரா தள்ளி நிற்கிறது. அந்த இரண்டு விநாடியும் ஷாட் முழுதாக இருக்கிறது. தம்பி கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். அதன்பின் ஒவ்வொரு வெடிச்சத்தத்துக்கும் அவன் உதடு அசைவதைக் கவனித்தேன். திரையின் மூலையில் எந்த எண்ணும் இல்லை. அடுத்த அறைக்குள் நாயகன் நுழையும்போது என் தோளைத் தட்டி, "அண்ணா, ரெண்டுதான் இருக்கும்" என்றான்.